எலிசா கட்டிய காகித மாலை

ஜெர்மனியில் உயிரோடு இருப்பவர்களின் படங்களும் இறந்தவர்களின் படங்களும் ஒரே சுவரில், ஒரே மாதிரிச் சட்டத்தில் தொங்கும். யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. பக்கத்தில் பூச்சாடி இருக்கும். அது மேசைக்கு அழகு. மெழுகுவர்த்தி எரியும், அது காப்பி குடிக்கிற நேரத்துக்கு. இங்கே வந்து இத்தனை காலம் ஆகியும், யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகிறது. நம் ஊரில் இந்தக் குழப்பமே கிடையாது. படத்துக்கு மாலை என்றால் ஒன்று சாமி, இல்லையென்றால் செத்தவர். மூன்றாவது அர்த்தம் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அறுபதுகளில் பான் நகருக்கு வேதியியல் ஆராய்ச்சிக்காக வந்தபோது, ஹில்டா என்ற அம்மாவின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். வந்த சில நாட்களிலேயே ஒரு காலையில் அவருடைய கூடத்தில் ஓர் இளைஞனின் படத்துக்கு முன்னால் வெள்ளைப் பூக்களும் ஒரு மெழுகுவர்த்தியும் இருப்பதைப் பார்த்தேன். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்று, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "உங்கள் மகனா? எப்படி இறந்தார்?" என்று கேட்டேன். ஹில்டா அம்மா கையிலிருந்த காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "இறந்தானா? கொலோனில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருக்கிறான். இன்றைக்கு அவன் பிறந்த நாள். சாயங்காலம் வருவான், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்." அன்று சாயங்காலம் அந்த மகன் வந்தான். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தொட்டுப் பாருங்கள் டாக்டர், சூடாகத்தான் இருக்கிறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருமுறை சிரித்து முடித்த தவற்றை மறுபடியும் செய்யமாட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே சொல்வதற்கு முன் திருநெல்வேலியில் நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். நெல்லையப்பர் கோயிலிலிருந்து வந்த ஒரு மாலையை, வைக்க இடம் தெரியாமல், கூடத்தில் இருந்த அப்பாவின் படத்தில் மாட்டிவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தவள் என் கன்னத்தில் அறைந்தாள். "எடுறா அதை! உயிரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போடுவாங்களா? எடு!" அப்பா நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருகிறவரை நான் வாசலை விட்டு அசையவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள், மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எண்பது தாண்டி வாழ்ந்தார். ஆனால் அந்தப் பயம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பிற்பாடு பானில் நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாதது அதனால்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் குடும்பஸ்தன். மனைவி கோமதியும் மகள் உமாவும் என்னோடு பானில் இருந்தார்கள். உமா பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் படித்தாள். எழுபத்து மூன்றில் சிலி நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அங்கிருந்து தப்பியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஜெர்மனிக்கும் வந்தார்கள். உமாவின் வகுப்பில் எலிசா என்ற பெண் சேர்ந்தாள். அவளும் தாய் மார்த்தாவும் மட்டும் வந்திருந்தார்கள். வகுப்பு ஆசிரியை பெக்கர் நல்ல மனசுக்காரி. எலிசா யாரோடும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அடுத்த செப்டம்பரில், அவர்கள் நாட்டுச் சுதந்திர நாளையொட்டி, பள்ளியில் தென்னமெரிக்க நாள் ஒன்று கொண்டாடலாம் என்று முடிவு செய்தார். தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். அந்தப் பகுதியின் தேவாலயப் பெண்கள் சங்கம் கேக் செய்து தருவதாகச் சொன்னது. பக்கத்து ஊர்களில் இருந்த சிலிக்காரர்கள், ஆலையில் வேலை செய்த ஸ்பெயின்காரர்கள், தூதரகக் குடும்பங்கள் என்று எல்லோரையும் அழைத்தார்கள். பிள்ளைகள் ஸ்பானிஷ் பாட்டு கற்றார்கள். அட்டையும் பசையும் வைத்து ஆண்டீஸ் மலை செய்தார்கள். உருளைக்கிழங்கு ஜெர்மனியில் பிறந்தது இல்லை, அங்கிருந்து வந்தது என்று உமா வீட்டுக்கு வந்து சொன்னாள். மிளகாயும் அங்கிருந்துதான் என்றதும் கோமதி நம்பவில்லை. "போடி, மிளகாய் இல்லாம உங்க தாத்தாவோட தாத்தா எதை வச்சுக் குழம்பு வச்சாங்க?" என்றாள். மிளகை வைத்து என்று நான் சொன்னேன். அவளுக்கு அது ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது.

நடனத்துக்குப் பிள்ளைகள் போதவில்லை. ஆசிரியை பெக்கர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து, உமாவும் எலிசாவோடு சேர்ந்து கைக்குட்டை வீசி ஆடலாமா என்று கேட்டார். "மற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் வைக்கோல் நிறத்தில் முடி. உங்கள் மகளுக்கு அழகான கருப்பு முடி. பொருத்தமாக இருக்கும்" என்றார். அவர் படியிறங்கிப் போனதும் கோமதி கதவைச் சாத்திவிட்டு, "நம்ம பொண்ணு எந்த ஊர்க்காரின்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. முடி கருப்பா இருந்தா போதும் போல" என்றாள். ஆனால் பாவாடைக்குக் கரை தைத்துக் கொடுத்தது அவள்தான். மார்த்தாவோடு சேர்ந்து பள்ளிச் சமையலறையில் எம்பனாடா செய்யப் போனதும் அவள்தான். எம்பனாடா பார்க்க நம் சோமாஸி மாதிரியே இருக்கும். உள்ளே இனிப்புக்குப் பதில் கறி. கோமதி சைவம். "கறி இல்லாததை எல்லாம் எங்கிட்ட தள்ளு" என்று தமிழிலேயே சொல்லி, வெங்காயமும் பாலாடைக்கட்டியும் வைத்ததை மட்டும் ஓரம் மடித்தாளாம். மார்த்தா ஸ்பானிஷில் பதில் சொன்னாளாம். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஓரம் முறுக்குவதைப் பார்த்து இரண்டு பேருக்கும் சிரிப்பாம். அன்று வீட்டுக்கு வந்து கோமதி, இருவருடைய அரைகுறை ஜெர்மனிலும் பேசித் தெரிந்துகொண்டதை வைத்து, மார்த்தாவைப் பற்றி நிறையச் சொன்னாள். கணவர் ரமோன் பள்ளி ஆசிரியர். ஒரு நாள் ராணுவத்தார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. இருக்கிறார் என்றே மார்த்தா நம்புகிறாள். இதையெல்லாம் கோமதி என்னிடம் சொன்னாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நான் அப்போது ஏதோ ஆய்வறிக்கையைப் படித்துக்கொண்டு ம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

விழா அன்றுதான் அந்தப் பள்ளிக்குள் முதல்முறையாகக் கால் வைத்தேன். அதுவரை லேப், லேப் என்று இருந்துவிட்டேன். உடற்பயிற்சிக் கூடத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் வண்ணத்தாள் பூக்கள். ஒரு பக்கம் ஜெர்மன் கேக், மறுபக்கம் எம்பனாடா. கூடம் நிறைய ஆட்கள். கருப்பு முடிக்காரர்களே பாதிப் பேர். இத்தனை கருப்பு முடியை ஒரே இடத்தில் பார்த்து எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது என்பது உண்மை. கோமதி சமையலறையில் இருந்தாள். உமா ஆட்டத்துக்கு உடை மாற்றப் போயிருந்தாள். நான் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாவற்றுக்கும் கடைசியில், சிலி நாட்டு வரைபடத்துக்குக் கீழே, ஒரு மனிதரின் படம் சாய்த்து வைத்திருந்தது. மெலிந்த முகம், மூக்குக்கண்ணாடி, சிரிக்கலாமா வேண்டாமா என்ற வாய். முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. மெழுகுவர்த்திக்கு இங்கே அர்த்தம் இல்லை என்பது ஹில்டா அம்மா வீட்டிலேயே படித்த பாடம். ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு மாலை போட்டிருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதப் பூக்கள், நூலில் நெருக்கமாகக் கோத்து, சட்டத்தின் இரண்டு மேல்மூலைகளிலிருந்தும் தொங்கவிட்ட முழு மாலை. இந்த நாட்டில் ஒரு படத்துக்கு மாலை போட்டு நான் பார்த்ததே இல்லை. கடைசியில் எனக்குப் புரிகிற ஒன்று வந்துவிட்டது என்று நினைத்தேன். இவர்களும் நம்மைப் போலத்தான் என்று நினைத்தேன்.

மேசைக்குப் பின்னால் சிவப்புப் பாவாடையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். எலிசாவாகத்தான் இருக்க வேண்டும். நான் குனிந்து, "உன் அப்பாவா?" என்று கேட்டேன். தலையாட்டினாள்.

"எப்போது இறந்தார், கண்ணு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இறக்கவில்லை. வருவார்."

அப்போது நான் மன்னிப்புக் கேட்டு நகர்ந்திருக்கலாம். ஹில்டா அம்மாவிடம் சிரித்த மாதிரி இங்கேயும் சிரித்திருக்கலாம். ஆனால் எனக்குள் பதறியது. உயிரோடு இருக்கிற மனிதனின் படத்தில் மாலை. இப்போது எண்ணிப் பார்த்தால், என் வாயில் வந்தது என் அம்மாவின் குரல். "அப்படியென்றால் அதை எடுத்துவிடு, சீக்கிரம். எங்கள் ஊரில் செத்துப்போனவர்களுக்குத்தான் படத்தில் மாலை போடுவார்கள். யார் போட்டது இதை?"

"நான்தான் கட்டினேன்" என்றாள் எலிசா. "பூ மிச்சம் இருந்தது."

அவள் எழுந்து, மாலையைச் சட்டத்திலிருந்து கழற்றினாள். நூல் அறுந்தது. பூக்களைப் பாவாடைக்குள் அள்ளிக்கொண்டு மேடைத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அந்த நேரம் ஒருவர் என் கையில் கேக் தட்டைக் கொடுத்து, இந்தியாவில் தட்பவெப்பம் எப்படி என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். பருவமழை இரண்டு வகை என்பதை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பாட்டுத் தொடங்கியது. எலிசா ஆட வரவில்லை. உமா மட்டும் கைக்குட்டையை வீசிக்கொண்டு, எதிரே ஆளில்லாமல் ஆடினாள். ஜெர்மன்காரர்கள் பலமாகக் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "உங்கள் சிலிப் பிள்ளை அற்புதமாக ஆடுகிறாள்" என்று என்னிடம் சொன்னார். நன்றி என்றேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து மார்த்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவளுடைய ஜெர்மன் எங்களுடையதைவிட மோசம். ஆனால் அன்று அவள் சொன்னது எல்லாம் புரிந்தது. விழாவில் ஒருவர் எலிசாவிடம் உன் அப்பா செத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். யார் என்று எத்தனை கேட்டும் பிள்ளை வாய் திறக்கவில்லை. கருப்பு முடிக்காரர் என்று மட்டும் சொன்னாள். அப்படியென்றால் அவர் சிலிக்காரர். அப்படியென்றால் அவருக்குச் செய்தி தெரிந்திருக்கிறது. ரமோனோடு சிறையில் இருந்தவராக இருக்கலாம். பிள்ளையிடம் சொன்னவர் தன்னிடம் ஏன் சொல்லவில்லை? இதைச் சொல்லும்போது மார்த்தா அழவில்லை. மேசை விளிம்பை விரலால் அழுத்தி அழுத்தி, எம்பனாடாவின் ஓரத்தை மடிக்கிற மாதிரி செய்துகொண்டிருந்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் கூடத்தில் இருந்தீர்கள். என் மகளோடு யாராவது பேசுவதைப் பார்த்தீர்களா?"

"இல்லை" என்றேன். "பார்க்கவில்லை."

அவள் போன பிறகு கோமதி கதவருகிலேயே நின்றாள். "என்னங்க, உங்க மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "அட பாவி மனுசா" என்று மெல்லச் சொன்னாள். பிறகு, "இப்பவே போய்ச் சொல்லிடுங்க. அவ தெருமுனை தாண்டியிருக்க மாட்டா. எங்க ஊர் வழக்கம், தெரியாம சொல்லிட்டேன்னு சொன்னா முடிஞ்சுபோகும். எனக்கு அந்தப் பாஷை சரியா வந்தா நானே ஓடிப்போய்ச் சொல்லிடுவேன்" என்றாள். சொல்லலாம் என்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. யாரும் என்னை எதுவும் செய்திருக்க மாட்டார்கள். ஆசிரியை பெக்கர் முன்னாலும் தலைமையாசிரியர் முன்னாலும் நின்று, வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய நான், காகிதப் பூவைப் பார்த்துப் பதறினேன் என்று ஜெர்மனில் விளக்க வேண்டியிருக்கும். அந்த வாக்கியத்தை மனசுக்குள் கட்டிப் பார்த்தேன். இலக்கணம் சரியாக வந்தது. வாய்க்குத்தான் வரவில்லை. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மார்த்தா அந்தக் கருப்பு முடிக்காரரைத் தேடினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி பிராங்பேர்ட்டுக்குப் போனாள். அங்கே சிலிக்காரர்கள் கூடும் இடங்களில் ரமோன் படத்தைக் காட்டிக் கேட்டாள். ஒருவர் தெரியாது என்றால் அவர் மறைக்கிறார் என்று நினைத்தாள். மற்றொருவர் தோளைத் தொட்டால், இவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாள். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, தன் ஆட்களிடமிருந்தே விலகிப்போனாள். இதையெல்லாம் உமா பள்ளியிலிருந்து கொண்டுவருவாள், கோமதி என்னிடம் சொல்வாள். இப்போது நான் ம் கொட்டவில்லை, கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். உமா ஒருநாள் எலிசாவை வீட்டுக்கு அழைத்துவரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன்ப்பா என்றாள். படிப்பைப் பார் என்றேன். கோமதி அன்று தட்டில் சோறு வைத்துவிட்டு, எதிரில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நாளில் உமா எலிசாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள்.

அடுத்த ஆண்டும் பள்ளியில் தென்னமெரிக்க நாள் நடந்தது. நன்றாக நடந்தது என்று ஊர்ப் பத்திரிகைகூட எழுதியது. மார்த்தா எம்பனாடா செய்யவில்லை. அந்த விழாவுக்கு முன்பே, அவள் தேடுவதை நிறுத்திவிட்டாள். தேடுவதை நிறுத்தியவள் நம்புவதையும் நிறுத்தினாள். பள்ளிக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் ரமோனுக்காக ஒரு பூசை வைத்தாள். உடல் இல்லை, தேதி இல்லை, யாரும் எதையும் உறுதி செய்யவில்லை. பிள்ளையிடம் சொன்னவர் பொய் சொல்ல என்ன காரணம் இருக்கிறது என்று அவள் கோமதியிடம் கேட்டாளாம். கோமதி என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, "நீங்களும் வாங்க" என்றாள். அது வேண்டுகோள் இல்லை.

தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆட்கள் அதிகம் இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில் சின்ன மேசையில் அதே படம். அதன் மேல் மாலை. இந்தமுறை வெள்ளைப் பூக்கள் மட்டும். சட்டத்தின் இரண்டு மூலைகளிலிருந்தும் தொங்கி, நடுவில் மார்பு வரைக்கும் வந்து, நம் ஊர் மாலை மாதிரியே இருந்தது. பூசை முடிந்து எல்லோரும் மார்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, எலிசா நேராக என்னிடம் வந்தாள். ஒரு வருடத்தில் உயரமாக வளர்ந்திருந்தாள். ஜெர்மன் சுத்தமாகப் பேசினாள். என்னை அவளுக்குத் தெரிந்திருந்தது. உமாவின் அப்பா என்று முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். உயிரோடு இருந்த அப்பாவின் படத்துக்கு மாலை கட்டியது தான் என்று அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் என் பெயரையும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"நீங்கள் சொன்ன மாதிரி கட்டியிருக்கிறேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "சரியாக இருக்கிறதா?"

எனக்குப் பின்னால் கோமதி நின்றாள். மார்த்தா பத்தடி தூரத்தில் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

"சரியாக இருக்கிறது" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுத் தாயிடம் போனாள். அவர்கள் அந்த வருடமே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ரமோன் என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செத்துத்தான் போயிருப்பார் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் சொன்னபோது எனக்கு எதுவும் தெரியாது.

கோமதி போய்ச் சில வருடம் ஆகிறது. திருநெல்வேலியில் என் தம்பி வீட்டுக் கூடத்தில் அவள் படத்துக்குச் சந்தன மாலை போட்டு, மேலே சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரியவிட்டிருக்கிறார்கள். தம்பி மனைவி தொலைபேசியில், "அத்தான், அங்க அக்கா படத்துக்கு மாலை போட்டீங்களா இல்லியா? போடாம இருக்கக் கூடாது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போடவில்லை. என் கை போக மறுக்கிறது. பானில், உமாவின் கல்யாணப் படத்துக்கும் என் படத்துக்கும் நடுவில், கோமதி எந்த அடையாளமும் இல்லாமல் தொங்குகிறாள். அந்த வீட்டில் அவள் இறந்தவள். இந்த வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. போன வாரம் ஹீட்டர் பழுதுபார்க்க வந்த பையன் வேலையை முடித்துவிட்டு, சுவரைப் பார்த்து, "உங்கள் மனைவியா? வெளியே போயிருக்கிறாரா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். வருவாள் என்றேன்.